மூன்று மழைக்காலம் தாண்டிய சைகை மொழி: நீலகிரியிலிருந்து ஒரு பயன்பாட்டுக் குறிப்பு

ஆப்பில் 500 சைகைகளை மனப்பாடம் செய்துவிட்டுக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் காதுகேளாத இருவர் பேசிக்கொள்வதைப் பாருங்கள். 'டீ', 'நாளை', 'பணம்' என்று மூன்றோ நான்கோ சொல் பிடிபடும், மீதி கையசைவாகத்தான் தெரியும். ஆப், காணொளி, நேரடிப் பழக்கம் மூன்றையும் மூன்று ஆண்டுகள் மலைமேல் வைத்துப் புழங்கியதில் திரும்பத் திரும்ப இடறும் இடம் இதுதான். எல்லோரும் கையைப் பழக்குகிறார்கள், கண்ணைப் பழக்குவதில்லை.

முதலில் ஆப். இந்திய சைகை மொழிக்கென்று டெல்லியில் உள்ள ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-இல் தொடங்கியது. அதன் அகராதி 2018-இல் 3,000 சொற்களோடு வந்து, 2019-இல் 6,000, 2021-இல் 10,000 என்று பெருத்தது. அதே சொற்களைக் கைபேசிக்குக் கொண்டுவந்த 'சைன் லேர்ன்' ஆப் 2022 செப்டம்பர் 23 அன்று, சர்வதேச சைகை மொழிகள் தினத்தில் வெளியானது. இலவசம். காணொளிகள் தெளிவு, சைகை செய்பவரின் முகம் மறைவதில்லை. இலவச ஆப்களில் இதற்கே முதல் மதிப்பெண். குறை என்னவென்றால், வெளியானபோது ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தேட முடிந்தது. 'கொழுந்து' என்று தமிழில் அடித்துத் தேட வழியில்லாமல் இருந்தது. இதற்குக் கைகண்ட வழி ஒரு 80 பக்க நோட்டு. மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: தமிழ்ச் சொல், ஆப்பில் தேடும் ஆங்கிலச் சொல், இங்குள்ளவர்கள் அதை எப்படிக் காட்டுகிறார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் மூன்றாவது பத்திதான் உங்களுக்கான அகராதி.

ஆப்பைப் பெரும்பாலோர் பயன்படுத்தும் முறை தலைகீழ். சொல்லைப் படிக்கிறார்கள், சைகையைப் பார்க்கிறார்கள், செய்து பார்க்கிறார்கள். இப்படிப் பழகினால் சொல்ல வரும், புரிந்துகொள்ள வராது. திரையில் எழுத்து வரும் இடத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி மறையுங்கள். சைகையைப் பார்த்துச் சொல்லை ஊகியுங்கள், பிறகு தாளைத் தூக்குங்கள். நாளுக்கு 25 நிமிடம் என்றால் 15 நிமிடம் இந்த வேலைக்கு, 10 நிமிடம் கைக்கு. யூடியூபில் முழு வாக்கியமாக ஓடும் சைகைக் காணொளிகளை 0.75 வேகத்தில் வையுங்கள். 0.5-க்கு இறக்கினால் அசைவின் தாளம் கெட்டு, ஒரே சைகை இரண்டாகத் தெரியும். பார்வை கையில் இருக்கக் கூடாது. எதிராளியின் மோவாய்க்கு அருகில் நிறுத்துங்கள், கை தானாக ஓரப்பார்வையில் விழும். முகத்தை விட்டால் பாதி இலக்கணம் போய்விடும்.

தேடலில் வரும் எல்லாக் காணொளியையும் நம்பிவிடாதீர்கள். ஆங்கில எழுத்துகள் முழுவதையும் ஒரே கையால் காட்டினால் அது பெரும்பாலும் அமெரிக்க சைகை மொழி. நம்முடையதில் பெரும்பாலான எழுத்துக்கு இரண்டு கை வேண்டும், பிரிட்டிஷ் வழியை ஒட்டியது. பரவலான முறையில் ஐந்து ஆங்கில உயிரெழுத்தும் இடது கையின் ஐந்து விரல் நுனிகள்: கட்டைவிரல் ஏ, ஆள்காட்டி ஈ, நடுவிரல் ஐ, மோதிரவிரல் ஓ, சுண்டுவிரல் யூ. வலது ஆள்காட்டி விரலால் நுனியைத் தொட வேண்டும். சில பள்ளிகளில் ஓரிரு எழுத்து மாறும், கேட்டுக்கொள்வது நல்லது.

ஊர்ப்பெயர்கள்தான் விரலெழுத்துக்கு நல்ல பயிற்சி. 'குன்னூர்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் இரட்டை ஓ இரண்டு முறை வருகிறது. மோதிரவிரலை இரண்டு தட்டு, நடுவில் என், மறுபடியும் இரண்டு தட்டு. தட்டைச் சேர்த்து அமுக்கினால் ஒரு ஓ போலத்தான் தெரியும். 'மஞ்சூர்' அதைவிட வில்லங்கம். எம் என்றால் உள்ளங்கையில் மூன்று விரல், என் என்றால் இரண்டு. ஜனவரி காலையில் விறைத்த கையோடு எம் காட்டினால் மோதிரவிரல் நீளாமல் மடங்கி, பார்ப்பவருக்கு அது என் ஆகிவிடும். நுனி வெட்டிய கையுறை போட்டால் இந்தத் தொல்லை குறையும். முழுக் கம்பளிக் கையுறையும் உள்ளங்கைவரை தொங்கும் ஸ்வெட்டர் கையும் ஆகவே ஆகாது. ஊட்டியில் பிங்கர்போஸ்ட் என்று ஒரு இடம் உண்டு. பெயரிலேயே விரல் இருந்தும் பத்து எழுத்தையும் விரலால் எழுதித் தொலைக்க வேண்டும் என்று புதிதாகப் படிப்பவர்கள் நினைக்கிறார்கள். அதெல்லாம் தேவையில்லை. அடிக்கடி போகும் இடங்களுக்கு உள்ளூரில் சைகைப் பெயர் வைத்திருப்பார்கள். ஒருமுறை எழுதிக் காட்டி, "இதை எப்படிக் காட்டுவீர்கள்?" என்று கேட்டு நோட்டின் மூன்றாம் பத்தியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இலக்கணத்தில் தமிழருக்கு ஆதாயம் இருக்கிறது. எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற நம் வரிசைதான் அங்கும். மறுப்பு கடைசியில் வரும், நம் 'குடிக்கவில்லை' போல. இடறுவது கேள்வியில். 'நீ எங்கே போகிறாய்' என்று நடுவில் வைக்கும் கேள்விச் சொல் அங்கே கடைசிக்குப் போகும்: நீ, போ, எங்கே. 'வந்தாயா' என்பதில் அந்தக் கடைசி 'ஆ' செய்யும் வேலையைப் புருவம் செய்கிறது. கை 'நீ, வா' என்று மட்டும் காட்டும், புருவம் உயர்ந்து தலை சற்று முன்னால் வந்தால் அது கேள்வி. முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொண்டு கேட்டால், 'நீ வா' என்று கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இந்தப் பாடம்தான் மாதக்கணக்கில் இழுக்கிறது. காலத்தை முதலில் வைத்துவிட வேண்டும்: நேற்று, நான், கோத்தகிரி, போ. வினைக்கு விகுதி ஒட்டத் தேவையில்லை.

நீலகிரியில் சந்திக்கும் காதுகேளாதவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சைகை செய்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனால் முதல் வாரமே சோர்ந்துவிடுவீர்கள். கோவை, சென்னைப் பக்கம் காதுகேளாதோர் பள்ளி விடுதியில் படித்தவர்களின் சைகை வளமானது, வேகமானது. ஆனால் நிறம், கிழமை, மாதம் போன்றவற்றில் ஆப்போடு ஒத்துப்போகாத வடிவங்கள் நிறைய. பல ஊர்ச் சைகைகளை ஆராய்ந்த உல்ரிகே ஸேஷன் போன்ற மொழியியலாளர்களும் இலக்கணம் ஒன்றாகவும் சொற்கள் ஊருக்கு ஊர் வேறாகவும் இருப்பதையே சொல்லியிருக்கிறார்கள். விடுதியில் படித்தவர்கள் காட்டும் வடிவத்தை 'தப்பு, ஆப்பில் வேறு மாதிரி இருக்கிறது' என்று திருத்தப் போகாதீர்கள். நம் வட்டார வழக்கை டெல்லிக்காரர் வந்து திருத்துவது போன்றது அது.

எஸ்டேட் லைன் வீடுகளிலும் ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலும் பள்ளிக்கே போகாத பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுடையது வீட்டுச் சைகை, அந்தக் குடும்பத்துக்குள் உருவானது. அவர்களிடம் ஆப் சொற்களைக் கொட்டினால் பயனில்லை. பொருளையே எடுத்துக் காட்டுங்கள், மலையையே சுட்டுங்கள், பணத்துக்கு நோட்டை நீட்டுங்கள். தேதிக்குச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் போன்ற கருவி வேறில்லை. தாளைத் தூக்கி எண்ணைத் தொட்டால் போதும். வீட்டில் மூத்த மருமகளோ பேரப்பிள்ளையோ யாராவது ஒருவருக்கு அந்தச் சைகை முழுவதும் அத்துப்படியாக இருக்கும், அவரிடம் ஒரு மணி நேரம் கற்றுக்கொள்வது லாபம்.

மூன்றாவது வகை, பின்னாளில் செவித்திறன் இழந்தவர்கள். இவர்களில் பலர் உதட்டைப் படிப்பார்கள். உதட்டளவில் தமிழ் மோசமான மொழி. 'படி', 'மடி' இரண்டும் உதட்டில் ஒன்றே. 'பத்து', 'மத்து' அப்படியே. 'க' வெளியே தெரியாமல் தொண்டைப் பக்கமே முடிந்துவிடும். ல, ள, ழ மூன்றையும் உதட்டை வைத்துப் பிரிப்பது நடக்காத காரியம். வீட்டில் படுகு மொழி, பள்ளியில் தமிழ், விரலெழுத்தில் ஆங்கிலம் என்று வளரும் படுகர் வீட்டுப் பிள்ளைக்கு உதட்டை மட்டும் நம்பச் சொல்வது கொடுமை. செவிக்கருவி போட்டிருக்கிறாரே என்று சத்தமாகப் பேசினாலும் சரிவராது. தகரக் கூரையில் ஜூலை மழை விழும்போது கருவி மழையைத்தான் பெரிதாக்கித் தரும். மூடுபனியில் குழாய்க்குள் நீர் கோத்துச் சத்தம் அடைத்துக்கொள்வதும் இங்கே சகஜம். இரவில் கருவியைக் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். பேட்டரியை மட்டும் தனியே எடுத்து வெளியே வையுங்கள், உலர்ந்த டப்பாவுக்குள் ஜிங்க்-ஏர் பேட்டரி சீக்கிரம் காய்ந்துபோகும்.

வீடியோ கால் பற்றி நிறையப் புகார் கேட்கிறோம், அதில் பாதிக்குச் சிக்னல் காரணமில்லை, வெளிச்சம்தான் காரணம். பனி இறங்கிய மாலை நான்கரை மணிக்கு அறைக்குள் கைபேசிக் கேமரா ஒவ்வொரு படத்தையும் அதிக நேரம் திறந்து பிடிக்கிறது. அந்த நேரத்துக்குள் விரல் நகர்ந்து, கை வெறும் தீற்றலாகத் தெரியும். மெதுவாகக் காட்டினாலும் பெரிதாகத் தேறாது. ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் முகம் காட்டி உட்காருங்கள், ஒரு எல்.இ.டி. பல்பை முன்னால் வையுங்கள். கைபேசியை நெஞ்சு உயரத்தில் நிறுத்தி ஒன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்தால் இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஒரு சாண் வரை படத்தில் வரும், சைகைக்கு அந்த இடம் வேண்டும். கோடு போட்ட சட்டை வேண்டாம், தோல் நிறத்திலிருந்து விலகிய ஒற்றை நிறம் போதும். கட்டம் போட்ட சால்வையைக் கழற்றி வையுங்கள். சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஆடும் இடங்களில் நேரடி அழைப்பை விட்டுவிட்டு 20, 30 நொடித் துண்டுகளாகப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இருவருக்கும் நிம்மதி. டிஷ் ஆன்டெனா உள்ள வீடுகளுக்கு இன்னொரு வழி: மத்திய அரசின் கல்வி ஒளிபரப்பில் 2024 டிசம்பரில் தொடங்கிய பி.எம். இ-வித்யா 31-ஆம் சேனல் சைகை மொழிக்கென்றே ஒதுக்கப்பட்டது.

வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிறவியிலேயே கேளாதவர்களில் பலருக்குத் தமிழ் இரண்டாம் மொழி. உருபும் விகுதியும் அவர்கள் காதில் விழுந்து பதிந்தவையல்ல. "நாளைக்கு வர முடியுமான்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்று பேச்சுத் தமிழில் எழுதினால் அவர் அதை எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்திருக்க மாட்டார். "நாளை வருவேனா? இப்போது தெரியாது. இன்று இரவு 8 மணிக்குச் சொல்வேன்." இப்படி உடைத்து எழுதுங்கள். அவர் எழுதும் "நான் காலை குன்னூர் பஸ் வா" என்பதைப் பார்த்துப் படிப்பறிவை எடைபோடாதீர்கள். சைகையின் சொல்வரிசை தமிழ் எழுத்தில் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

பழகும் முறைக்கு வருவோம். கவனத்தைத் திருப்ப, பார்வைக்குள் கையை அசைக்கலாம், தோளில் லேசாக இரண்டு தட்டுத் தட்டலாம். பழைய பங்களாக்களின் மரத்தளத்தில் காலால் ஒருமுறை தட்டினால் அதிர்வு அறை முழுக்கப் போகும். சிமெண்ட் தரையில் எவ்வளவு மிதித்தாலும் கால்தான் வலிக்கும், அங்கே லைட் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இருவர் பேசும் நடுவே கடக்க வேண்டியிருந்தால் குனிந்து நின்று மன்னிப்புக் கேட்காமல் விறுவிறுவென்று போய்விடுவதே மரியாதை. பேச்சு நடுவே கைபேசியைப் பார்த்தால் காதைப் பொத்திக்கொண்டதாகவே அர்த்தம். உங்களுக்கான சைகைப் பெயரை நீங்களே சூட்டிக்கொள்ளாதீர்கள், அவர்கள் வைக்கும்வரை விரலெழுத்திலேயே காட்டுங்கள்.

சாலையில் பேசிக்கொண்டே நடந்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடிதான் நடக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்து. வளைவுக்கு முன் நின்று பேசி முடித்துவிட்டு நகருங்கள், காது கேட்பவர் வண்டிப் பக்கம் நடக்கட்டும். மழையில் குடை ஒரு கையைத் தின்றுவிடும், ரெயின்கோட் உத்தமம். கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும் நேரத்தில் முன்னால் போகும் நண்பரைக் கூப்பிட முடியாது. டார்ச் வட்டத்தை அவர் காலுக்கு முன் தரையில் போட்டு இரண்டு முறை ஆட்டினால் 'நில்' என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் நின்று பேச, ஹெட்லைட் வேண்டாம், எதிராளியின் கண் கூசும். கைபேசி டார்ச்சைச் சுவர்மேல் சாய்த்து இருவர் மேலும் பக்கவாட்டில் ஒளி விழச் செய்தால் போதும்.

ஆறு மாதம் படித்தவரை ஆஸ்பத்திரிக்கோ காவல் நிலையத்துக்கோ மொழிபெயர்க்கக் கூட்டிப்போகும் பழக்கம் இருக்கிறது, மறுத்துவிடுங்கள். மருந்தளவு, அறுவைச் சிகிச்சை ஒப்புதல் போன்றவற்றில் ஒரு எதிர்மறையைத் தவறவிட்டால் போதும், நிலைமை விபரீதமாகும். சைகை மொழிபெயர்ப்புக்கான டிப்ளமோவே இரண்டு ஆண்டுப் படிப்பு. பயிற்சி பெற்றவர்களும் நீண்ட கூட்டங்களில் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்கிறார்கள், மூளை அவ்வளவு களைத்துவிடும். முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு மலையிறங்கினால் மேட்டுப்பாளையம் சாலையிலேயே பெரியநாயக்கன்பாளையம். அங்குள்ள ராமகிருஷ்ணா மிஷன் கல்வி வளாகத்தில் சைகை அகராதி, பயிற்சி இரண்டிலும் பல ஆண்டு வேலை நடந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்தில் கேட்கலாம். வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: கற்பிப்பவர் காதுகேளாதவரா? ஆம் என்றால் வகுப்பறையில் குரலே இருக்காது, முதல் வாரம் திணறுவீர்கள், மூன்றாம் மாதம் கண் திறக்கும். கேட்கும் ஆசிரியர் பேசிக்கொண்டே காட்டும் வகுப்பில் காதுதான் பாடம் படிக்கும்.

கடைசியாக, காதுகேளாதோர் ஒன்றுகூடும் இடத்துக்குப் போனால் விடைபெற ஒரு மணி நேரம் ஒதுக்கிவையுங்கள். எழுந்து நின்றபின் ஒரு பேச்சு, வாசலில் ஒரு பேச்சு, படியிறங்கியபின் இன்னொன்று. பஸ் கிளம்பினாலும் முடியாது, ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கை தெரியும்வரை பேசுவார்கள். மஞ்சூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய பஸ்ஸுக்குக் கிளம்பத் தொடங்குங்கள்.