டர்பன் ஈரக்காற்றில் எல்இடி: 2019-ல் கணினிப் பெட்டிக்குள் கட்டிய விளக்குகள் இன்று எப்படி இருக்கின்றன

கணினிப் பெட்டிக்குள் எல்இடி போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம் என்றுதான். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரைப் பற்றிக் கேட்பவர் குறைவு. இத்தனை காலம் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது: விளக்கின் ஆயுள் அந்த ரெசிஸ்டரின் கையில்தான் இருக்கிறது. 2019-ல் நானே கம்பி கட்டிப் போட்ட விளக்குகள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் என் மேசைக்குக் கீழே இன்னும் எரிகின்றன. சில நன்றாக மங்கிவிட்டன, சில போட்ட அன்று இருந்தபடியே இருக்கின்றன. எல்லாம் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய 5 மில்லிமீட்டர் எல்இடிகள். வித்தியாசம் அவற்றுக்குள் ஓடிய மின்னோட்டத்தில் மட்டுமே.

கணக்கு எளிது. பவர் சப்ளையிலிருந்து வரும் மோலெக்ஸ் என்ற நான்கு கம்பிப் பிளக்கில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இருக்கும் இரண்டு கறுப்பும் கிரவுண்ட். கிடைக்கும் வோல்ட்டிலிருந்து எல்இடி எடுத்துக்கொள்ளும் வோல்ட்டைக் கழித்து, மீதியை நமக்கு வேண்டிய மின்னோட்டத்தால் வகுத்தால் ரெசிஸ்டரின் மதிப்பு வந்துவிடும். வெள்ளையும் நீலமும் ஏறக்குறைய 3.2 வோல்ட் எடுக்கும், சிவப்பு 2 வோல்ட். ஆக, ஒற்றை வெள்ளையை 12 வோல்ட்டில் போட்டால் மீதி 8.8 வோல்ட். 20 மில்லி ஆம்பியருக்கு 440 ஓம் என்று வரும். கடையில் கிடைப்பது 470. மஞ்சள், ஊதா, பழுப்பு பட்டை போட்டது.

பக்கவாட்டுக் கண்ணாடி ஓரமாக இருக்கும் வெள்ளை விளக்குகளை அப்படித்தான் கட்டினேன். ஒவ்வொன்றிலும் 19 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக ஓடுகிறது. இந்த வகை எல்இடிக்குப் பொதுவாகச் சொல்லும் உச்சம் 20 என்பதால் கணக்குப்படி சரிதான். ஆனால் இன்று மிக மங்கலாக இருப்பவை இவைதான். வெளிச்சம் குறைந்ததோடு வெள்ளையில் ஒரு மஞ்சள் சாயலும் ஏறிவிட்டது. வெள்ளை எல்இடி என்பது உள்ளே நீல எல்இடிதான். மேலே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் அதன் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்கி, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல ஒளியும் சூடும் சேர்ந்து சுற்றியிருக்கும் எபாக்ஸிப் பிசினை நாளாக நாளாக மஞ்சளாக்குகின்றன. டர்பனின் ஜனவரிக் கோடை வெயிலில், கிராபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்தில், உச்சத்தை ஒட்டி ஓடவிட்டால் அது இன்னும் சீக்கிரம் நடக்கிறது.

அடியில் இருக்கும் வெள்ளைகளை மூன்று மூன்றாகத் தொடரில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, கட்டியிருக்கிறேன். மூன்றும் சேர்ந்து 9.6 வோல்ட், மீதி 2.4. இங்கே பலரும் 120 ஓம் போடுகிறார்கள், கணக்கும் அப்படித்தான் சொல்லும். நான் போட்டது 180. காரணம், ஏடிஎக்ஸ் என்ற வழக்கமான கணினி வகைப் பவர் சப்ளையின் 12 வோல்ட் 5 சதவீதம் ஏறவும் இறங்கவும் அனுமதி உண்டு. 12.6 ஆனால் மீதி 3 வோல்ட். 120 ஓமில் 25 மில்லி ஆம்பியர் பாயும், 180-ல் 17-க்குள் நிற்கும். மீதி வோல்ட் குறைவாக இருக்கும்போது சின்ன ஏற்றமும் பெரிய அடியாக விழும், இதை மறக்கக் கூடாது. இந்த வரிசைகள் கொஞ்சம்தான் மங்கியிருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது மேல் பகுதியில் இரண்டிரண்டாகத் தொடரில் கட்டியவை. இரண்டு வெள்ளை, ஒரு 470 ஓம். ஓடுவது 12 மில்லி ஆம்பியர். பவர் சப்ளை எப்படி ஏறி இறங்கினாலும் 10.6-க்கும் 13.2-க்கும் இடையில்தான். புதிய எல்இடி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. ரெசிஸ்டரிலேயே பாதி மின்சாரம் வீணாகிறதே என்று கேட்கலாம். வீணாவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, கால் வாட் ரெசிஸ்டர் சூடுகூட ஆகாது. வெளிச்சத்திலும் நஷ்டம் இல்லை என்றே சொல்வேன். நம் கண் 20-க்கும் 12-க்கும் இடையில் பெரிய வித்தியாசம் காண்பதில்லை. முன்பக்கத்து நீல விளக்குக்கு 5 வோல்ட்டில் 330 ஓம் போட்டு ஐந்தரை மில்லி ஆம்பியர்தான் கொடுக்கிறேன். இருட்டறையில் அதுவே கண்ணைக் கூசுகிறது.

போன தீபாவளிக்கு டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து அக்கா மகன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, ஆறு லைட் போட்டேன், ஒண்ணு மட்டும் பளிச்சுனு இருந்துச்சு, அப்புறம் அதுவே செத்துப்போச்சு, இப்போ அடுத்தது பளிச்சுங்குது" என்றான். பக்க இணைப்பில், அதாவது அருகருகே இணையாக, எல்லாவற்றையும் கட்டி முன்னால் ஒரே ரெசிஸ்டர் வைத்திருந்தான். ஒரே பையில் வரும் எல்இடிகளுக்குள்ளும் வோல்ட்டில் சின்ன வேறுபாடு இருக்கும். குறைந்த வோல்ட்டில் திறப்பது மற்றவற்றின் பங்கையும் இழுத்துக்கொள்ளும். சூடு ஏற ஏற அதன் வோல்ட் இன்னும் இறங்கும், இன்னும் இழுக்கும். அது போனதும் சுமை அடுத்ததன் தலையில். ஒவ்வொரு வரிசைக்கும் தனி ரெசிஸ்டர் என்று மாற்றிக் கட்டிக் கொடுத்தேன், இன்றுவரை பிரச்சினை இல்லை.

எல்இடியைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது சால்டர் வைத்த இடங்களைப் பற்றி. இது கடலோர ஊர். கோடையில் காற்றே ஈரமாக இருக்கும், அதில் உப்பும் உண்டு. எல்இடியின் கால்கள் பல நேரங்களில் முலாம் பூசிய இரும்பு. காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டும். நீளத்தைக் குறைக்க வெட்டினால் வெட்டு முனையில் இரும்பு வெளியே தெரியும், அங்கிருந்துதான் துரு தொடங்குகிறது. அதனால் வெட்டிய முனைகளையும் சால்டரால் மூடிவிடுவேன். ரோசின் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் சால்டர்தான் வாங்க வேண்டும். குழாய் வேலைக்கான அமில ஃபிளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பசை) பட்டால், சில மாதங்களில் செம்பு பச்சை பிடித்துவிடும். சால்டர் வைத்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றிச் சுருக்கிவிட வேண்டும். இன்சுலேஷன் டேப்பை நம்பாதீர்கள். இந்தச் சூட்டில் பசை இளகி வழிந்து, டேப் தானாகவே கழன்றுவிடும்.

ஜோஹனஸ்பர்க் பக்கம், லெனேசியாவில் இருப்பவர்களுக்குத் துருப் பிரச்சினை குறைவு, ஆனால் குளிர்காலத்தில் காற்று காய்ந்து கிடக்கும். கம்பளத்தில் நடந்துவிட்டு இரும்பைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும் அந்த நிலைமின்சாரம் நீலம், வெள்ளை எல்இடிகளைக் கொல்லும். வேலையைத் தொடங்கும் முன் பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக்கொள்வது நல்லது.

2022, 2023-ல் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போனபோது என் விளக்குகளுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மின்சாரம் திரும்பும்போது வரும் அடியைப் பவர் சப்ளைதான் வாங்கிக்கொள்கிறது, மஞ்சள் கம்பிவரை அது எட்டவில்லை. இன்வெர்ட்டரில் ஓட்டியபோதும் இவற்றின் செலவு பொருட்டாகவே இல்லை. இரண்டு எல்இடி உள்ள ஒரு வரிசைக்கு 0.15 வாட்கூட வராது. மீட்டருக்கு 60 விளக்கு உள்ள 5050 என்ற வகை எல்இடி பட்டை மீட்டருக்கு 14 வாட் அளவுக்கு இழுக்கும்.

பட்டை மோசம் என்று சொல்லவில்லை. அதிலும் மூன்று எல்இடிக்கு ரெசிஸ்டர் போட்டுத்தான் வருகிறது. வெட்டும் கோடு மூன்றுக்கு ஒருமுறை இருப்பது அதனால்தான். ஆனால் எவ்வளவு ஓட வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள் இல்லை. மதர்போர்டில் செருகும் வகையானால், 5 வோல்ட் மூன்று முனைப் பட்டையை 12 வோல்ட் நான்கு முனையில் செருகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியில் போய்விடும்.

அடுத்த வேலையாக அந்தப் பக்கவாட்டு வெள்ளைகளைக் கழற்றப் போகிறேன். பழைய 470 ஓம் ரெசிஸ்டர்களை மல்டிமீட்டரில் அளந்தேன், மதிப்பு மாறவில்லை. அவற்றையே வைத்துக்கொண்டு புது எல்இடிகளை இரண்டிரண்டாகக் கட்டிவிடலாம். பாதி ரெசிஸ்டர் மிஞ்சும், அது மருமகனுக்கு.