‘ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு’ என்று போன் வந்தால் உடனே சரி சொல்லாதீர்கள்

கார் சூடாகிறது என்று ஒர்க் ஷாப்பில் விட்டிருக்கிறீர்களா? அங்கிருந்து "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்" என்று போன் வந்ததா? (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் கசிவில்லாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.) பதில் சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 3,600 ரூபாய் ஃபேன் மோட்டார் பழுதுக்கு என்னிடம் 47,850 ரூபாய் வாங்கினார்கள். அதோடு விடவில்லை. உண்மையான பழுதைத் தொடாமல், அது சட்டென்று வெளியே தெரியாதபடி இன்னொரு பாகத்தையும் கழற்றி எடுத்துவிட்டு வண்டியைக் கொடுத்தார்கள். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விழுப்புரத்திலிருந்து தாம்பரத்துக்கு அப்பாவோடு வந்துகொண்டிருந்தேன். வண்டி சின்ன பெட்ரோல் கார். இதில் டெம்பரேச்சர் முள் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். திண்டிவனம் தாண்டி செங்கல்பட்டு வரை 90-ல் வந்தபோது ஒரு தொந்தரவும் இல்லை. பரனூர் டோல் வரிசையில் ஊர்ந்தபோது முதலில் ஏசி காற்று வெதுவெதுப்பானது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஏசியை அணைத்து, ஓரம்கட்டி, இன்ஜினை நிறுத்தினேன். நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து பார்த்தால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவில் அளவு சரியாக இருந்தது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. மறுபடி எடுத்தேன். மகேந்திரா சிட்டி வரை சாலை காலியாக இருந்தது, விளக்கு எரியவில்லை, ஏசியும் ஜில்லென்று வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் நெரிசலில் நின்றதும் ஏசி மறுபடி வெதுவெதுப்பு, மறுபடி சிவப்பு விளக்கு.

ஓடும்போது சரியாக இருக்கிறது, நின்றால் சூடாகிறது. இந்த ஒரு தகவலிலேயே பழுது பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்றுவிட்டால் அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால்தான் ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரும் இருக்கிறது. என் வண்டி போன்ற சின்ன கார்களில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபேன். அது சுற்றாவிட்டால் நிற்கும்போது ஏசியும் குளிராது, இன்ஜினும் சூடாகும். இரண்டும் ஒன்றாக நடந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஃபேன், அதன் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்குக் கரண்டை விடும் சுவிட்ச்), வயரிங். மாறாக, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதோ மேடு ஏறும்போதோ சூடானால் வேறு கதை: கூலண்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குக் கூலண்டை விடும் வால்வு) திறக்காமல் மாட்டிக்கொள்வது, வாட்டர் பம்ப்.

இதையெல்லாம் அன்றைக்கே அந்த ஒர்க் ஷாப்பில் சொன்னேன். ஜிஎஸ்டி சாலையோரம் பெரிய போர்டு, கண்ணாடி அறை, எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிறோம் என்ற விளம்பரம். "ஓடும்போது சூடாகல, நின்னாதான் ஆகுது. அப்போ ஏசியும் வேலை செய்யல" என்று வரவேற்பில் இருந்த அட்வைசரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே ஜாப் கார்டில் எழுதியது இரண்டே வரி: ‘இன்ஜின் ஓவர்ஹீட், செக்’, ‘ஏசி கூலிங் இல்லை, செக்’. எப்போது சூடாகிறது என்பதைச் சேர்த்து எழுதச் சொன்னேன். "அதெல்லாம் டெக்னீஷியன் பார்த்துப்பாரு மேடம்" என்றார்.

மறுநாள் மதியம் போன். "மேடம், ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. ஹெட்டு கழட்டியாச்சு, லேத்துக்கு அனுப்பணும்."

"கழட்டுறதுக்கு முன்னாடி என்கிட்ட கேக்கவே இல்லையே?"

"கழட்டினாதானே மேடம் தெரியும். சார் இருந்தா பேசச் சொல்லுங்க, அவருக்குப் புரியும்."

வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டி வந்தவள் நான், ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டவளும் நான். ‘சார்’ யாரும் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, எந்தச் சோதனையில் கேஸ்கெட் போயிருக்கிறது என்று தெரிந்தது எனக் கேட்டேன். "அனுபவத்துல தெரியும்" என்று பதில் வந்தது.

கழற்றினால்தான் தெரியும் என்பது சுத்தப் பொய். ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று இன்ஜினைப் பிரிக்காமலே பார்க்கப் பல வழி இருக்கிறது. ஆயில் மூடியையும், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் பார்த்தால் போதும், கூலண்ட் கலந்திருந்தால் ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்துக்கு மாறியிருக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கூலண்ட் டப்பாவைக் கவனித்தால், விடாமல் குமிழ் வருகிறதா என்று தெரியும். ரேடியேட்டர் வாயில் ஒரு குழாய் வைத்து, அதிலுள்ள நீல நிற திரவம் மஞ்சளாக மாறுகிறதா என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு கூலண்டுக்குள் வந்தால் நிறம் மாறிவிடும். சிலிண்டர்களின் கம்ப்ரஷனை, அதாவது உள்ளே எழும் அழுத்தத்தை, அளக்கலாம். கூலிங் சிஸ்டத்துக்குக் கைப்பம்பால் அழுத்தம் கொடுத்து, அது இறங்குகிறதா என்று பார்க்கலாம். எந்த வழியில் பார்த்தார்களோ அதன் அளவையோ போட்டோவையோ உங்களுக்கு அனுப்ப முடியும். எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஹெட்டைப் பிரித்துப் போட்ட வண்டியை வேறு இடத்துக்கு எடுத்துப் போவது எளிதல்ல, அது அவர்களுக்கும் தெரியும். மாட்டித் தரச் சொன்னேன். பில்லில் கேஸ்கெட் செட், ஹெட் ஃபேஸிங் (லேத்தில் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி மட்டமாக்குவது), வாட்டர் பம்ப், புது தெர்மோஸ்டாட், கூலண்ட், இன்ஜின் ஆயில், ஃபில்டர், ஏசி கேஸ், லேபர், ஜிஎஸ்டி என்று வரிசையாக இருந்தது. ஏசி குளிராததற்குக் கேஸ் குறைவு என்று ஒரு காரணம் சொன்னார்கள். லேத் பட்டறை ரசீதைக் கேட்டேன், இல்லை என்றார்கள். பணம் கட்டாமல் சாவி தரமாட்டோம் என்றார்கள். அப்பாவை மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வண்டி வேண்டும். பில்லின் இரண்டு பிரதியிலும் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, கார்டில் கட்டினேன். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வண்டியை எடுத்து வந்த சில நாட்களுக்கு விளக்கு எரியவில்லை. ஆனால் வேறொன்று உறுத்தியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீல விளக்கு வழக்கமாக ரெண்டு மூணு கிலோமீட்டரில் அணைந்துவிடும். இப்போது வெளிவட்டச் சாலையில் வெகுதூரம் போயும் அணையவில்லை. மைலேஜும் குறைந்தது. அப்புறம் ஒரு மத்தியானம் குரோம்பேட்டை சிக்னலில் அதே வெதுவெதுப்புக் காற்று, அதே சிவப்பு விளக்கு.

தாம்பரம் சானடோரியத்தில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணாவிடம் கொண்டுபோனேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி, "நின்னா ஹீட் ஆகுதா, ஓடுனா ஹீட் ஆகுதாம்மா?"

ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடச் சொன்னார். பானெட்டைத் திறந்து வைத்துப் பார்த்தோம். ஏசி ஓடினால் ஃபேன் சுற்றியாக வேண்டும். அசையவில்லை. ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார், நன்றாக இருந்தது. அதே பெட்டியில் ஹார்னுக்கு இருந்த அதே மாதிரி ரிலேயை மாற்றிக் குத்தினார், அப்போதும் அசையவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபேன் மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றி, இரண்டு வயரில் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தார். ஃபேன் லேசாக ஒரு உதறு உதறி நின்றது. மோட்டாரின் முதுகில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினார், சுற்ற ஆரம்பித்தது. கரண்டை எடுத்து மறுபடி கொடுத்தார், சுற்றவில்லை. "கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சு. மோட்டார் மாத்திடலாம்" என்றார். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

நீல விளக்கு விஷயத்தையும் சொன்னேன். கூலண்டை இறக்கி, தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வால்வே இல்லை. புது தெர்மோஸ்டாட் என்று பில் போட்ட இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. இது ஏன் என்று அவர் விளக்கியபோதுதான் அந்த ஒர்க் ஷாப் செய்தது முழுதாகப் புரிந்தது. தெர்மோஸ்டாட் பெரும்பாலான கார்களில் 80-லிருந்து 90 டிகிரிக்குள் திறக்கும். அதுவரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினைச் சீக்கிரம் சூடேற்றும். அதைப் பிடுங்கிவிட்டால் எந்நேரமும் கூலண்ட் ரேடியேட்டருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபேன் ஓடாத வண்டிகூடச் சூடாகக் கூடுதல் நேரம் எடுக்கும். டெஸ்ட் டிரைவில் விளக்கு எரியாது, வண்டியை ஒப்படைத்துவிடலாம். பதிலுக்கு இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகமாகும். நம் ஊர் வெயிலுக்கு இந்த வால்வே தேவையில்லை என்று சொல்லிக் கழற்றும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய கேஸ்கெட்டையும் அவரிடம் நீட்டினேன். துணியால் துடைத்து, சிலிண்டர் வட்டங்களைச் சுற்றி விரலை ஓட்டினார். கேஸ்கெட் போயிருந்தால் இரண்டு வட்டத்துக்கு நடுவிலோ, வட்டத்துக்கும் தண்ணீர் ஓட்டைக்கும் நடுவிலோ கரி ஓடிய தடம் இருக்குமாம். எல்லா வட்டமும் நெளியாமல் முழுதாக இருந்தன, ஒரு தடமும் இல்லை. "நல்ல கேஸ்கெட்டுமா இது" என்றார். ஃபேன் மோட்டார் 3,600. தெர்மோஸ்டாட், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்தும் அவர் பில் 7,000-ஐத் தாண்டவில்லை. பழுதைக் கண்டுபிடித்த விதத்தையும், வால்வு இல்லாததையும், கேஸ்கெட்டின் நிலையையும் தன் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அவர்களால் உத்தரவு போட முடியாது, சம்பந்தப்பட்டவருக்கு அனுப்பிச் சமரசம் பேசுவார்கள். தெர்மோஸ்டாட்டுக்கும் ஏசி கேஸுக்கும் மட்டும் பணம் திருப்பித் தருகிறோம் என்று ஒர்க் ஷாப்பிலிருந்து பதில் வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஒர்க் ஷாப் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் வைத்து, முடிந்த சீக்கிரம் ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலேயும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் முகத்தில் பீறிட்டு அடிக்கும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், ஹெட்டில் விரிசல் விழலாம். அப்புறம் உண்மையாகவே கேஸ்கெட் வேலை வந்துவிடும்.

வண்டியை விடும்போது எப்போது சூடாகிறது என்பதை ஜாப் கார்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள், எழுத விடாவிட்டால் சாவியைக் கொடுக்காதீர்கள். வெளியே வந்ததும் அந்த ஒர்க் ஷாப் நம்பருக்கு இதை வாட்ஸப்பில் அனுப்புங்கள்: "என் வண்டி நிற்கும்போது மட்டும் சூடாகிறது. ரேடியேட்டர் ஃபேன், ரிலே, ஃபியூஸ் முதலில் பார்க்கவும். சோதனை முடிவை போட்டோவுடன் அனுப்பி, நான் எழுத்தில் சம்மதம் தரும்வரை இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. கழற்றும் பாகங்கள் அனைத்தும் எனக்கு வேண்டும்." வண்டி எண்ணைச் சேர்த்து, அவர்கள் பார்த்துவிட்ட நீல டிக் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.