நுரையீரல் முடிச்சுகளுக்கான தனிப் பிரிவு: மூன்று முறை சென்றுவந்தவரின் மதிப்பீடு

நீடித்த இருமலுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் ‘இரு நுரையீரல்களிலும் பல நாட்யூல்கள்’ (முடிச்சுகள்) என்று அறிக்கை வந்ததால், அவற்றுக்கென்றே தனிப் பிரிவு நடத்தும் ஒரு மருத்துவமனைக்கு மூன்று முறை சென்றுவந்தேன்.

அங்கிருந்த மருத்துவர் அறிக்கையோடு நின்றுவிடாமல், ஸ்கேன் படங்களையே திரையில் திறந்து, ஒவ்வொரு முடிச்சின் அளவையும் ஓரத்தையும் இருப்பிடத்தையும் காட்டி விளக்கினார். 30 மில்லிமீட்டர் வரையுள்ள, ஏறத்தாழ உருண்டையான நிழலைத்தான் முடிச்சு என்கிறார்கள். என்னுடையவற்றில் பெரியது 7 மில்லிமீட்டர். ஆறிப்போன காசநோயின் தழும்பு, பூஞ்சைத் தொற்று, உறுப்புகளில் அழற்சிக் கட்டிகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ், முடக்குவாதம், கல்தூசியைப் பல ஆண்டுகள் சுவாசிப்பதால் வரும் சிலிகோசிஸ், வேறோர் உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய் எனக் காரணங்கள் பலவாக இருப்பதால், புகைப்பழக்கம், பார்த்த வேலை, பழைய நோய்கள், எடைக்குறைவு என்று அரை மணி நேரம் கேள்விகளே கேட்டார்.

மருந்துச் சீட்டு இல்லாமல் திரும்பியது அன்று எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் காரணத்துக்கேற்பச் சிகிச்சையும் மாறும். காசநோய்க்கு வழக்கமாக 6 மாதக் கூட்டு மருந்து. சார்காய்டோசிஸோ பலருக்கு மருந்தே இல்லாமல் அடங்கிவிடும், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு. அதே ஸ்டீராய்டைக் கண்டறியப்படாத காசநோய்க்குக் கொடுத்தால் நோய் தீவிரமாகும். பரவிய புற்றுநோயின் சிகிச்சையோ அது தொடங்கிய உறுப்பைப் பொறுத்தது. இதை அவர் விளக்கிய பிறகே காத்திருப்பதன் பொருள் புரிந்தது.

பதற்றத்தில் நானாகவே பெட் ஸ்கேன் (சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன்) கேட்டேன். 8 மில்லிமீட்டருக்குக் குறைந்த முடிச்சுகளில் அதன் முடிவை நம்ப முடியாது, காசநோயும் அதில் ஒளிரும் என்று சொல்லி மறுத்துவிட்டார். கேட்டவுடன் எழுதிக்கொடுத்திருந்தால் நான் மகிழ்ச்சியோடு பணம் கட்டியிருப்பேன் என்பதால், இந்த மறுப்புக்கே தனி மதிப்பெண் தரலாம். 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பல திட முடிச்சுகளுக்கு 3 முதல் 6 மாதங்களில் மறு ஸ்கேன் என்ற ஃபிளைஷ்னர் சங்கம் என்ற மார்பு நோய்ப் படவியல் வல்லுநர் அமைப்பின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலையே பின்பற்றினார். ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொன்னார்.

குறைகளும் உண்டு. நான் கொண்டுசென்ற பழைய ஸ்கேனின் குறுந்தகடு அவர்கள் கணினியில் திறக்காததால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே இரண்டாம் முறை செல்ல நேர்ந்தது. முன்பதிவு செய்தும் இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன்.

நான்காம் மாத ஸ்கேனில் எந்த முடிச்சும் வளரவில்லை. அடுத்த ஸ்கேன், முதல் ஸ்கேனிலிருந்து 18 முதல் 24 மாதங்களுக்குள். நினைவூட்டி அழைக்கும் ஏற்பாடு அங்கே இல்லாததால், தேதியை நாமேதான் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.