லாக் காலேஜ் பிரஸ்: பழைய பிரஸ்பிட்டேரியன் எழுத்துகளைத் தேடுகிறவர்களுக்கு

அமெரிக்கத் திருச்சபை வரலாறு படிக்கிறவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தத் தளத்தைத்தான். 18, 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் (மூப்பர்கள் நடத்தும் புராட்டஸ்டன்ட் சபைப் பிரிவு) போதகர்களின் நூல்கள், பிரசங்கங்கள், துண்டுப் பிரசுரங்கள், இதழ்க் கட்டுரைகள் என்று கிடைப்பதையெல்லாம் திரட்டி, எழுதியவர் பெயர்வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1720களில் வில்லியம் டெனன்ட் என்பவர் பென்சில்வேனியாவில் நெஷாமினி என்ற ஊரில் ஒரு மரக்கட்டை வீட்டில் போதகர்களைப் பயிற்றுவித்தார், லாக் காலேஜ், அதாவது மரக்கட்டைக் கல்லூரி என்ற அந்தப் பள்ளியின் பெயர்தான் இதற்கும்.

இதெல்லாம் இன்டர்நெட் ஆர்கைவிலும் கூகுள் புக்ஸிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, சரி, ஆனால் இன்னார் இன்னதை எழுதினார் என்று முன்பே தெரிந்தவர்களுக்குத்தான் அது அகப்படும். பிரான்சிஸ் கிரிம்கேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1850-இல் சார்ல்ஸ்டனில் அடிமைத் தாய்க்குப் பிறந்து, பிறகு வாஷிங்டனில் பதினைந்தாம் தெரு பிரஸ்பிட்டேரியன் சபையின் போதகராக நெடுங்காலம் இருந்தவர். இவருடைய பிரசங்கங்கள் பலவும் சின்னச் சின்னப் பிரசுரங்களாக வந்தவை, நூலகத்தில் எந்தக் கட்டுக்குள் செருகிக் கிடக்கும் என்று சொல்லவே முடியாது. 1918 நவம்பரில், இன்ஃப்ளுயன்சா பரவியதால் மூடியிருந்த சபைகள் திறந்ததும் அவர் செய்த பிரசங்கம் ஒன்று இருக்கிறது. சபைகளை மூடச் சொன்ன அதிகாரிகள் செய்தது சரிதான் என்கிறார், அதே மூச்சில் இந்த நோய் வெள்ளைத் தோல் என்று யாரையும் விட்டுவைத்ததா என்றும் கேட்கிறார். கொரோனா காலத்தைக் கடந்து வந்த நமக்கு அதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். இப்படி ஒரு மனிதரின் எழுத்துகள் ஒரே பக்கத்தில் வரிசையாகக் கிடைப்பது சாதாரண உதவி இல்லை.

பருவ இதழ்கள் கொஞ்சம் சிக்கலான விஷயம். பிரின்ஸ்டன் இறையியல் பேராசிரியர் சார்ல்ஸ் ஹாட்ஜ் 1825-இல் தொடங்கிய பிரின்ஸ்டன் காலாண்டிதழ் பலமுறை பெயர் மாறியது, அதனால் ஒரு பெயரில் தேடினால் மற்றப் பெயர்களில் வந்த தொகுதிகள் கண்ணில் படாமலே போகும். போதாக்குறைக்குக் கட்டுரைகளில் பெரும்பாலும் எழுதியவர் பெயர் கிடையாது. 1868 வரைக்குமான அட்டவணைத் தொகுதி ஒன்று தனியாக வந்தது, எந்தக் கட்டுரை யாருடையது என்று அதைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அந்த வேலையை யாராவது செய்து கட்டுரையை உரியவர் பெயரின் கீழ் போட்டுவிட்டால் நமக்கு எத்தனை மணி நேரம் மிச்சம்!

சொல் தேடல்தான் முக்கியம் என்றால் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியின் தியாலஜிக்கல் காமன்ஸ் பக்கம் போங்கள், நூல்களின் உள்ளேயே தேடலாம். ஆனால் 1800-க்கு முந்தைய அச்சு என்றால் எங்கே தேடினாலும் கவனம் தேவை. அப்போதெல்லாம் எஸ் எழுத்தைச் சொல்லின் நடுவிலும் முதலிலும் நீளமாக, எஃப் போலவே அச்சடிப்பார்கள். கணினி 'சின்' (sin, பாவம்) என்பதை 'ஃபின்' (fin) என்று படித்து வைத்திருக்கும், நீங்கள் பாவத்தைப் பற்றித் தேடினால் பாதிப் பிரசங்கம் வராது. இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள். கடிதம், புகைப்படம் வேண்டுமென்றால் 1852-இல் தொடங்கிய பிலடெல்பியா பிரஸ்பிட்டேரியன் வரலாற்றுச் சங்கத்தின் மின்தொகுப்பு இருக்கிறது.

லாக் காலேஜ் பிரஸ்ஸில் ஆசிரியர் பக்கங்கள் இலவசம். பணம் கட்டி உறுப்பினரானால் கூடுதலாகச் சில வசதிகள் உண்டு, சில பழைய நூல்களை மறுபதிப்பாகவும் விற்கிறார்கள். தினமும் இதிலேயே புழங்குகிறவர்கள் உறுப்பினராகலாம், மற்றவர்களுக்கு இலவசப் பகுதியே தாராளம்.

ஒரு வேண்டுகோள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ்த் தாளில் அச்சான வாரப் பத்திரிகைகள் அமிலத்தால் பழுத்து, தொட்டாலே உதிர்கின்றன, அதற்கு முந்தைய கந்தல் துணித் தாளே எவ்வளவோ தேவலை. அமெரிக்காவில் பழைய சபைகளோடு பழக்கமுள்ள நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், அங்கே அலமாரியில் கட்டுக்கட்டாகப் பத்திரிகை கிடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், இருந்தால் ஸ்கேன் செய்யக் கொடுக்கச் சொல்லுங்கள்.