‘ரெடிமேட்’ குவாரன்டைன் செட் வாங்கப்போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் நாகரிகமாக எழுதத் தோன்றும், எனக்கு மீன் விற்ற அந்த ஆளுக்கு அது வேண்டாம். யெல்லோ டேங் என்ற கடல்மீன் ஒன்று, க்ளௌன் மீன் ஜோடி, புது மீனைத் தனியே வைத்து நோய் பார்க்கும் குவாரன்டைன் செட், எல்லாம் சேர்த்து என் ஒரு மாதச் சம்பளம். இன்று காலை டேங்கில் உயிரோடு எதுவும் இல்லை.

கடல்மீன் மட்டும் விற்கும் ஒரு ஆன்லைன் கடை. மீனோடு இந்த செட்டையும் தள்ளிவிடுகிறார்கள். மணல் இல்லாத வெறும் டேங்க், ஹீட்டர், மீன் ஒளிய பிவிசி பைப், ஒட்டுண்ணியைக் கொல்லும் காப்பர் மருந்து, தண்ணீரில் காப்பர் அளவு பார்க்கும் டெஸ்ட் கிட், அப்புறம் ‘பாக்டீரியா ஏறிய’ ஸ்பான்ஜ் ஃபில்டர் (மீன் கழிவில் வரும் அம்மோனியா விஷத்தை அந்த பாக்டீரியாதான் மாற்றும்). நான் நம்பிப் பணம் போட்டது அந்த ஸ்பான்ஜுக்காகத்தான். கடைக்காரர் வீடியோ காலில் காட்டினார். ஓடிக்கொண்டிருந்த பெரிய டேங்கின் மூலையில் பழுப்பேறிய ஸ்பான்ஜ், குமிழி விட்டபடி. “மாசக்கணக்கா இதுலயே கிடக்குது சார், இதையே எடுத்து அனுப்புறேன். அன்னிக்கே மீனை விடலாம்.” இக், வெல்வெட் என்ற இரண்டு மீன் நோய்களுக்கும் என்ன வித்தியாசம் என்றுகூடப் பொறுமையாக விளக்கினார். விஷயம் தெரிந்தவர் என்று யாருக்கும்தான் தோன்றும்!

மறுநாளே அம்மோனியா ஏறத் தொடங்கியது. ஸ்பான்ஜை எடுத்துப் பிழிந்தேன். பல மாதம் ஓடிய ஸ்பான்ஜ் என்றால் கசடு கொட்ட வேண்டும். தெளிந்த தண்ணீர்தான் வந்தது. புது ஸ்பான்ஜை நனைத்துப் பையில் போட்டிருக்கிறார்கள். கடல்நீரின் பிஹெச் 8-க்கு மேல் இருப்பதால் நன்னீரைவிட இங்கே அம்மோனியாவின் விஷம் அதிகம். தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தும் யெல்லோ டேங் மேலே வந்து மூச்சு வாங்கியது.

போன் செய்தால் முதலில், “மீனைப் புதுத் தண்ணிக்குப் பழக்கி விட்டீங்களா சார்?” அப்புறம், “செட்டில் ஒரு பாட்டில் இருக்கே, அம்மோனியாவைக் கட்டுறது, அதை ஊத்துங்க.” காப்பர் ஓடும் தண்ணீரில் அந்த வகை மருந்து சேர்ந்தால் காப்பரே விஷமாகலாம். பாட்டிலிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறது, விற்பவருக்குத் தெரியாதாம்! டெஸ்ட் கிட்டும் பொருந்தவில்லை: மருந்து கீலேட்டட் (வேறு பொருளோடு பிணைத்த காப்பர்), கிட் அயனிக் (பிணைக்காத) காப்பருக்கானது. கலர் வரவில்லை என்றதற்கு, “வர்ற வரைக்கும் ஊத்துங்க” என்கிறார். ஊற்றியிருந்தால் மீன் இன்னும் சீக்கிரம் போயிருக்கும், அவ்வளவுதான்.

மூன்றும் செத்த பிறகு ஒரே வரி: “உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது.” சரி, ஸ்பான்ஜ் என்ன உயிருள்ள பொருளா? அதற்கு ‘பாக்டீரியா உயிர்தானே சார்’ என்று ஒரு சிரிப்பு பொம்மை. இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். ஒரு மாதச் சம்பளம் அவரிடம், காலி டேங்க் என்னிடம்.

செட் போடுவதை முழுசாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: ஸ்பான்ஜை உங்கள் சொந்த டேங்கின் சம்பில் (டேங்கோடு இணைந்த ஃபில்டர் தொட்டி) சில வாரம் ஊறப்போடுங்கள். கீலேட்டட் காப்பர் என்றால் சுமார் 2 முதல் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), அந்த வகையைப் படிக்கும் கிட்டா என்று கேட்டு வாங்குங்கள். லைவ் ராக்கை (நுண்ணுயிர் குடியேறிய கடல் பாறைத் துண்டு) குவாரன்டைன் டேங்குக்குள் வைக்காதீர்கள், காப்பரை உறிஞ்சிவிடும். இறால், நத்தை, பவளம் காப்பரில் பிழைக்காது. வீடியோ காலை ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள்.