ஈஸ்ட் கோஸ்ட் பார்பெக்யூவுக்குக் கொட்டாங்குச்சிக் கரி: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூர்ப் பூங்காக்களின் பார்பெக்யூ குழிகளில் பலரும் இன்னும் பக்காவ் கரிதான் போடுகிறார்கள். அது சதுப்புநிலக் கண்டல் மரம். மலேசியாவின் மாத்தாங்கில் 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, மறுபடி நடுகிறார்கள். அந்த ஒழுங்கு எல்லாக் கரையோரக் காடுகளுக்கும் வாய்க்கவில்லை. வேர் போன இடத்தில் கரை அரிக்கிறது, இறால் குஞ்சுகளுக்கும் புகலிடம் இல்லை. கொட்டாங்குச்சிக்காக யாரும் மரம் வெட்டுவதில்லை. அதற்காகவே கொட்டாங்குச்சிக் கரிக்கு மாறினோம்.

வாங்கும்போது வடிவத்தைப் பாருங்கள். சிறு கனசதுரங்கள் ஹூக்காவுக்கானவை. சமையலுக்கு நடுவில் துளையுள்ள அறுகோணக் கட்டிதான் சரி; துளை வழியே காற்று ஏறும். இரண்டு கட்டிகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் ஈரம் ஏறியிருக்கிறது.

பெரிய தொல்லையே நம் ஊர் ஈரக்காற்றுதான். கட்டியில் கரித்தூளை ஒட்ட வைப்பது மரவள்ளி மாவு. பையைப் பிரித்து, வீட்டில் சாமான் போட்டு வைக்கும் பொம்ப் ஷெல்டர் அறையில் அப்படியே போட்டால் மாவு ஈரம் குடித்து இளகும். சூட்டில் கட்டி வெடித்து உதிரும். இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஈரமாகிவிட்டால் ஒரு நாள் நல்ல வெயிலில் பரப்பினால் ஓரளவு தேறும்.

பற்ற வைப்பதில் பொறுமை வேண்டும். சிம்னி ஸ்டார்ட்டரில் (கரி மூட்டும் உலோகக் குழாய்) 2 கிலோ போட்டு, அடியில் மெழுகுக் கட்டி இரண்டு கொளுத்தினால் 20 முதல் 25 நிமிடம் ஆகும். ஓரமெல்லாம் சாம்பல் பூத்த பிறகே குழியில் கொட்ட வேண்டும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். கரி அதை உறிஞ்சிக்கொள்ளும், கோழியில் நாற்றம் வரும். நடுவில் கூடுதல் கரி தேவைப்பட்டால் தனியாக மூட்டிச் சேர்க்கவும். பற்றாத கட்டியை நேரே போட்டால் சூடு இறங்கிவிடும்.

சாம்பல் அடியில் தேங்கினால் நெருப்பு மூச்சுத் திணறும். அரை மணிக்கு ஒருமுறை இடுக்கியால் தட்டிவிடுங்கள். சாம்பல் வெளிர் நிறமாக இருந்தால் நல்ல சரக்கு. பழுப்பாக, கனமாக விழுந்தால் மண் கலந்திருக்கலாம். அந்தக் கடையை மாற்றுங்கள்.

வாழையிலையில் சுற்றிய திருக்கை மீனுக்கும் கோழித் தொடைக்கும் இரண்டு மணி நேரம் ஒரே சீரான அனல் கிடைக்கிறது. விசிறியதும் அனல் சுள்ளென்று எகிற வேண்டிய சாத்தேக்கு (குச்சியில் கோத்துச் சுடும் இறைச்சி) மட்டும் பக்காவ்தான் மேல். அதை மறைக்க முடியாது.

வீட்டுக்குள் எந்தக் கரியும் மூட்டக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. முடிந்ததும் தணலில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டுக் காற்றை அடைத்தால் தானே அணையும். பாதி எரிந்த கட்டிகள் அடுத்த முறை சீக்கிரம் பற்றும்.