மெலாங்க்தன் டவுன்ஷிப்: காணி வாங்குமுன் எந்த யன்னலைத் தட்டுவது?

ரொறன்ரோவிலிருந்து நெடுஞ்சாலை 10இல் வடக்கே போய், ஷெல்பேர்னைத் தாண்டினால் காற்றாலைகளும் உருளைக்கிழங்கு வயல்களும் தொடங்கும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், டஃபரின் கவுன்டியின் (மாவட்டம் போன்ற மேல்மட்ட உள்ளூராட்சி) மெலாங்க்தன் டவுன்ஷிப் (அதற்குள் அடங்கும் கிராமப்புற உள்ளூராட்சி) அதுதான். இங்கே வரி கட்டுபவருக்குக் கிடைக்கும் சேவையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது: நீங்கள் தேடி வரும் வேலைகளில் பாதி டவுன்ஷிப் அலுவலகத்தின் கையில் இல்லை.

முகவரியிலேயே குழப்பம் ஆரம்பம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரொறன்ரோ–சிடென்ஹாம் வீதி, அதாவது இன்றைய நெடுஞ்சாலை 10, வெட்டப்பட்டபோது அதன் இருபக்கமும் புதிதாக அளந்தார்கள். மீதி பழைய அளவையிலேயே கிடந்தது. அந்த இரண்டும் இன்றும் வீதிப் பலகையில் நிற்கின்றன: 4ஆம் லைன் என்.இ. (அந்த வீதிக்கு வடகிழக்கு), 4ஆம் லைன் ஓ.எஸ். (பழைய அளவை) என்று ஒரே எண்ணுக்கு வேறு வேறு வால். வாலை விட்டு முகவரி சொன்னால் சரளை லொறி வேறெங்கோ போய் நிற்கும். 1881இல் டஃபரின் உருவாகும் வரை இது கிரே கவுன்டியில் இருந்தது. பழைய பதிவுகளைத் தேடுவோர் அங்கேயும் பார்க்க வேண்டும்.

கவுன்சிலில் மேயர், துணை மேயர், மூன்று கவுன்சிலர்கள். முதல் இருவரும் கவுன்டி கவுன்சிலிலும் அமர்வார்கள். பனி அகற்றவில்லை என்று முறையிடுமுன் வீதி யாருடையது என்று பாருங்கள்: நெடுஞ்சாலை மாகாணத்துக்கு, எண்ணிட்ட டஃபரின் வீதிகள் கவுன்டிக்கு, லைன்களும் அவற்றைக் குறுக்கிடும் சைட்ரோடுகளும் டவுன்ஷிப்புக்கு. குளிர்காலத்தில் பராமரிக்கப்படாத துண்டு ஏதும் உண்டா என்பதைக் காணி வாங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரகர் வாய்ச்சொல் போதாது.

வீடு கட்டுவோர் சறுக்குவது அனுமதியில். வலய விதி (எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்பது) டவுன்ஷிப்பிடம், கட்டட அனுமதி கவுன்டியிடம், சதுப்பு நிலத்துக்கு 30 மீற்றருக்குள் என்றால் நீரேந்துப் பாதுகாப்புச் சபையிடமும் (கன்சர்வேஷன் அதோரிட்டி) போக வேண்டும். வீட்டு விண்ணப்பத்துக்கு 10 வேலைநாளில் முடிவு சொல்வது சட்டம். விண்ணப்பம் முழுமையாக இருந்தால்தான் அந்தக் கெடு. கிணற்றையும் கழிவுநீர்ப் படுகையையும் (செப்டிக்) வரைபடத்தில் சரியாகக் குறியுங்கள். குறைந்தது 6 மீற்றர் ஆழத்துக்கு உறையிட்ட துளைக்கிணறு என்றால் அதற்கும் படுகைக்கும் இடைவெளி குறைந்தது 15 மீற்றர், தோண்டிய கிணறு என்றால் 30. மண் கொட்டி உயர்த்திய படுகைக்கு, உயர்த்திய அளவின் இரு மடங்கை இதோடு கூட்ட வேண்டும். சின்னக் காணிகள் பல இந்தக் கணக்கில்தான் தோற்கும்.

100 ஏக்கரை வாங்கி நான்காகப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்ற கணக்கும் வேண்டாம். முதல்தர விவசாய நிலத்தில் புதிய குடியிருப்புத் துண்டுகளை மாகாணக் கொள்கை அனுமதிப்பதில்லை. பண்ணைகளை ஒன்றாக்கியதால் மிஞ்சிய பழைய வீட்டைப் பிரிக்கலாம், அவ்வளவே.

வரிச்சீட்டில் டவுன்ஷிப், கவுன்டி, கல்வி என்று மூன்று பங்கு. பண்ணை வகுப்பில் சேர்ந்தால் குடியிருப்பு வீதத்தின் 25 விழுக்காட்டுக்கு மேல் விதிக்க முடியாது. ஆனால் அது தானாக வராது. ஆண்டுக்குக் குறைந்தது 7,000 டொலர் மொத்தப் பண்ணை வருமானம் காட்டி, மாகாண அரசின் விவசாய நிறுவனமான அக்ரிகோர்ப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். வீடும் அதைச் சுற்றிய ஓர் ஏக்கரும் அப்போதும் குடியிருப்பு வீதத்திலேயே இருக்கும்.

இத்தனை சின்னக் கவுன்சிலுக்கு என்ன பலம் என்று கேட்போர் 2011ஐப் பார்க்கலாம். ஏறத்தாழ 2,300 ஏக்கரில் சுண்ணாம்புக்கல் அகழ ஒரு நிறுவனம் விண்ணப்பித்தது. உரிமம் தருவது மாகாணம். ஆனால் நிலப் பயன்பாட்டை மாற்றும் விண்ணப்பம் டவுன்ஷிப்பிடம்தான் வந்தாக வேண்டும். விவசாயிகளின் எதிர்ப்பு பெருகி, மாகாணம் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்கு உத்தரவிட்டு, 2012 நவம்பரில் நிறுவனம் பின்வாங்கியது.

அடுத்த தேர்தல் 2026 ஒக்டோபர் 26. இங்கே காணி மட்டும் வைத்துக்கொண்டு ஒன்ராறியோவில் வேறு ஊரில் வாழ்பவருக்கும், 18 வயதும் கனடியக் குடியுரிமையும் இருந்தால் வாக்குண்டு. பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.